மாட்டுக்குப் போடாத புல்

அந்த வியாழக்கிழமை காலை கிளியம்மாளின் கொல்லையில் நான் பார்த்தது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் கொல்லை என்போம். அவளுக்கு அரை ஏக்கர். ஒரு பாதியில் கேழ்வரகு. மறுபாதியில் காராமணி, அவரை, கத்திரி, தக்காளி, மிளகாய் எல்லாம் கலந்து போட்டிருந்தாள். அந்த மறுபாதி முழுக்கச் சுருண்டு கிடந்தது. வாடல் என்றால் எனக்குத் தெரியும். வாடின செடி தலையைத் தொங்கப்போடும், தண்ணீர் விட்டால் எழுந்துகொள்ளும். பூச்சி என்றால் இலையில் ஓட்டை இருக்கும். இது இரண்டும் இல்லை. தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தது. தக்காளி இலை நூல் நூலாக மெலிந்திருந்தது. காராமணிக் கொழுந்து உள்ளங்கையை மூடிக்கொண்டதுபோல் மடிந்திருந்தது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி யாரோ ஒவ்வொரு செடியாகப் பிடித்துப் பிழிந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கிளியம்மாள் வரப்பில் குந்தியிருந்தாள்.

"இன்னாடி இது, சிரோமணி?" என்றாள்.

அவளுக்கு அறுபத்தொன்பது வயது. பயிரைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எப்போதும் கேட்கிறவள் நான், சொல்கிறவள் அவள். அவளுக்கே தெரியவில்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

என் முழுப்பெயர் வேதசிரோமணி. அகரம்தென் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் சத்துணவு சமைத்துப் போட்டு ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தைந்து. வாய் நீளம் என்று ஊரே சொல்லும், சொல்லட்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு. ஏழு வீட்டு ரேஷன் கார்டிலும் குடும்பத் தலைவி இடத்தில் இருப்பது எங்கள் படம்தான். சிலருக்குப் புருஷன் செத்துப்போனான், சிலருக்கு இருந்தும் இல்லை. எல்லாருக்கும் கையகல நிலம். அரை ஏக்கருக்கெல்லாம் டிராக்டர்காரன் இறங்கமாட்டான். நாங்களே கொத்தலாம் என்றால் தோள்பட்டை ஒத்துழைக்காது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து வேறு வழி சொன்னார்கள். உழவே வேண்டாம், மண்ணை வெயிலில் திறந்து போடாதீர்கள், தழையோ வைக்கோலோ போட்டு மூடி வையுங்கள், பல பயிரைக் கலந்து விதையுங்கள் என்றார்கள். மூடாக்கு என்று அதற்குப் பெயர். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. முதல் வருஷமே பாதித் தண்ணீரில் பயிர் நின்றது, களை எடுக்கும் வேலை குறைந்தது. அதிலிருந்து மாதக் கூட்டத்தில் நான்தான் பேசுவேன். "மண்ணும் ஒரு வயிறுதான். உள்ள இன்னா போடறோம்னு பாத்துப் போடணும்" என்பேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறும். எனக்கே அது தெரியும்.

மற்றவர்களைவிடக் கிளியம்மாளுக்குத்தான் நிலம் முக்கியம். அவள் மகன் பொன்னுரங்கம் மேடவாக்கத்தில் சாரத்தில் ஏறிப் பூசும்போது மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவன். இடுப்பெலும்பு போய்விட்டது. இரண்டு வருஷமாகப் படுக்கையில்தான் எல்லாம். அந்த இரண்டு வயிறும் அந்த அரை ஏக்கரை நம்பித்தான் இருந்தன. அவள் நிலத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மனைக்கல் நட்டாகிவிட்டது. நடுவில் இவள் நிலம் மட்டும் பச்சையாக நின்றது. புரோக்கர் ஆரோன் மாதம் ஒரு தடவை வந்து நிலத்தைக் கேட்பான். அவள் அவனுக்கு ஆடி மாதத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்.

"தை வரைக்கும் கொல்ல சோறு போட்டுதுன்னா விக்கமாட்டேன். போடலன்னா நீயே எடுத்துக்கோ."

அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் அந்த வருஷம் அவள் கொல்லைமேல் என் கண் இருந்தது.

புரட்டாசியில் மூடாக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. சுற்றுவட்டாரத்தில் நெல் போடுகிறவன் இருந்தால்தானே வைக்கோல் இருக்கும்? சாலையை அகலப்படுத்துகிறேன் என்று தழைக்கு இருந்த ஓரத்துப் புங்கமரங்களையும் வெட்டிவிட்டார்கள். ஐப்பசி மழை வருவதற்குள் மண்ணை மூடாவிட்டால் மேல்மண் கரைந்து ஏரிக்குப் போய்விடும். கிளியம்மாள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் தினம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைதோறும் நான் நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் கீரை விற்பேன். உள்ளே கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவில் பெரிய புல்தரை. ரத்தினம் என்கிற தோட்டக்காரர் மெஷினில் புல்லை வெட்டி, மூட்டை மூட்டையாகக் கட்டி வாசலில் அடுக்குவதை ஒருநாள் பார்த்தேன். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. புல்லைப் பார்த்து எச்சில் ஊறுகிறதே என்று சிரிக்காதீர்கள். மூடாக்குப் போடுகிறவர்களுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

"இத்த இன்னாப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"குப்ப வண்டில ஏத்தி வுட்ருவோம்மா."

"எனக்குக் குடேன்."

"தாராளமா எடுத்துகினு போங்க. மாட்டுக்கு மட்டும் போட்றாதீங்க."

"மாடு ஏதுப்பா எனக்கு? மண்ணுக்குக் கேக்கறேன்."

"அப்ப சரி" என்றார்.

ஒரு மூட்டையைப் பிரித்து நானே கிளறிப் பார்த்தேன். எங்களுக்கு ஒரு பயம் உண்டு. கண்ட இடத்துப் புல்லைக் கொண்டுவந்து போட்டால் அதோடு களை விதையும் வந்து கொல்லையைப் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு மூக்கிரட்டை இல்லை, ஒரு குப்பைமேனி இல்லை, ஒரு அம்மான் பச்சரிசி இல்லை. புல்தரையைப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுகூட இல்லை. ஐம்பது வருஷமாகக் குனிந்து குனிந்து களை பிடுங்கிய எனக்கு, அவ்வளவு பெரிய புல்தரையில் ஒரு களைகூட இல்லையே, அது எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷம்தான் வந்தது. இந்தப் புல்லில் களை விதையே கிடையாது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு குட்டியானை வண்டி பிடித்து முதல் லோடு இருபத்திரண்டு மூட்டையையும் கிளியம்மாளுக்கே இறக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் வலிக்க வலிக்கப் பரப்பினோம். கேழ்வரகுக்கும் போட்டோம், காய்க்கும் போட்டோம். என் கொல்லைக்கு ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை. எனக்குத் தென்னமட்டை இருந்தது, போதும். "ஒனக்கு எங்கடி?" என்று அவள் கேட்டபோது, "எனக்கு இன்னாக்கா, ஒண்டிக்கட்டை" என்று பெருமையாகச் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள்தான் நான் முதலில் சொன்ன அந்த வியாழக்கிழமை.

என் புத்தி நேராக ஆரோனிடம் போயிற்று. வேறு யாரிடம் போகும்? பயிர் போனால் நிலம் அவனுக்கு. முந்தின நாள் அவன் வெள்ளை ஆம்னி வேன் அந்தப் பக்கம் நின்றதை நானே பார்த்திருந்தேன். மருந்து அடித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். கிளியம்மாள் ஒரு காராமணிச் செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் பல்லாவரம் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். சுருண்ட கொடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நானும் போனேன். பழைய சாமான் விற்கிற பக்கத்தில் ஒரு சுழல்நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தான். கொடியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"ஆபீசுக்குச் சேர் வாங்கறியா? நல்லா சாஞ்சிகினு ஒக்காரு! ஒரு கிழவி வயித்துல மண்ணப் போட்டுட்டு ஒனக்குச் சுத்துற சேர் கேக்குதா?"

"அத்தே, இன்னா பேசறீங்க? இன்னா செடி இது?"

"பள்ளிக்கூடத்துல என் கையால முட்ட வாங்கித் துன்னவன்தானடா நீ? அந்த முட்டையில நான் வெசம் வெச்சனா? நீ ஏண்டா அவ கொல்லைல வெச்ச?"

புறா விற்கிறவன், ஃபேன் விற்கிறவன், எல்லாரும் கூடிவிட்டார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். ஆரோன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். அவன் முகம் கறுத்துப்போனது. "நான் வெக்கல அத்தே. கர்த்தர் மேல சத்தியமா வெக்கல" என்று மெதுவாகச் சொன்னான். நான் அவன் காலடியில் கொடியை எறிந்துவிட்டு வந்தேன். ரயிலில் திரும்பும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. நியாயம் கேட்டுவிட்டேன் என்ற நிறைவு. நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை இன்னொரு காரியம் செய்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிளியம்மாளுக்குத்தான் இப்படி ஆயிற்று, மற்ற ஐந்து பேர் மண்ணாவது தப்பட்டும் என்று குட்டியானைக்காரனை நாவலூருக்கு அனுப்பினேன். ரத்தினம் அன்று லீவு. வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளை வண்டிக்காரனே ஏற்றிக்கொண்டு வந்து ஐந்து வீட்டிலும் இறக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து கிளியம்மாளிடம் போனேன். பொன்னுரங்கத்துக்கு வேட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆரோனுக்குப் போன் போட்டுச் சொல்ட்டேன். புதன்கெழம பத்திர ஆபீசு."

நான் வாசலிலேயே கத்தினேன். "வெசம் வெச்சவனுக்கேவா குடுக்கற? ஒனக்குப் புத்தி கீதா?"

"அவன் வெக்கல" என்றாள். "வெசம் ஊத்தியிருந்தா கேவுரும் போயிருக்கணும். கேவுரு கருகருன்னு நிக்குது. கொல்லைல இருக்கற அறுகம்புல்லும் நிக்குது. புல்லு ஜாதி எல்லாம் நிக்குது, அகல எல ஜாதிதான் சுருண்டுகினு போச்சு. அது இன்னா கணக்குன்னு எனக்குப் புரியல. கொல்ல என்னை வோணான்னு சொல்லிச்சு. அவ்ளோதான்."

"கொல்லை என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது" என்று ஒரு மனுஷி தன் நிலத்தைப் பற்றிச் சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை. கட்டிலில் பொன்னுரங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல நாவலூர். கீரைக்கட்டை இறக்கி வைத்தபோது ரத்தினம் முதுகில் டப்பாவும் கையில் குழாயுமாகப் புல்தரையில் நடந்துகொண்டிருந்தார். வாயில் துணி கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"இந்த வாரம் புல்லு கேக்காதீங்கம்மா. மருந்து அடிக்கறோம்."

"இன்னா மருந்து?"

"களை மருந்துதான். மூணு வாரத்துக்கு ஒருவாட்டி அடிப்போம். போன வாட்டியும் அடிச்சமே, நீங்க மொதோ லோடு எடுத்துகினு போனீங்களே, அதுக்கு மூணு நாளு முன்னாடி. நல்ல மருந்து. புல்லை ஒண்ணும் பண்ணாது. அகல எல எதுவா இருந்தாலும் அப்டியே சுருண்டுகினு செத்துரும்."

சுருண்டு என்று சொல்லும்போது அவர் கையைக் காராமணிக் கொழுந்து மாதிரியே மடக்கிக் காட்டினார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வாசலில் கார் வருகிறது, வாட்ச்மேன் விசில் ஊதுகிறான், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு களை இல்லாத புல்தரை. களை விதையே இல்லாத புல். நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை.

"ஏம்பா, அன்னிக்கே சொல்லக்கூடாதா?" என்றேன்.

"சொன்னேனேம்மா. மாட்டுக்குப் போடாதீங்கன்னு சொன்னேனே" என்றார் பாவமாக. "நீங்க மண்ணுக்குன்னீங்க. மண்ணு இன்னா பண்ணப்போவுதுன்னு வுட்டேன்."

அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. மண்ணும் ஒரு வயிறுதான் என்று மாதாமாதம் தொண்டை கிழியப் பேசியவள் நான். மாட்டு வயிற்றுக்கு ஆகாது என்று ஒருவர் வாயால் கேட்டும், மண் வயிற்றுக்கு ஆகும் என்று நானே அள்ளிக்கொண்டு வந்தேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். என்னைப்போல ஒரு முட்டாள் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இருக்கமாட்டாள்.

பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. வழியெல்லாம் சொல்லலாமா, வேண்டாமா என்று மனம் அலைந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொல்லை தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவே கிளியம்மாள் நினைத்துக்கொண்டு நாளைக்குக் கைநாட்டு வைத்துவிடுவாள். அவள் அப்படி நினைத்துக்கொண்டு சாவாளே என்று தோன்றியதும் வேகமாக நடந்தேன்.

அவள் கொல்லையில் செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் ஆரோன் கையில் பத்திர நகலோடு நின்றான், நாளைக்கு முன்னால் ஒரு தடவை படித்துக் காட்ட வந்திருக்கிறான். என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

"அக்கா" என்றேன். "கொல்ல ஒண்ணும் சொல்லல. நான்தான். நான் கொண்டாந்த புல்லு. அதுல களை மருந்து. நான்தான் ஒன் பயிரைக் கொன்னேன்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக்குப் போடாதே என்று அவர் சொன்னதையும் மறைக்கவில்லை. கிளியம்மாள் பிடுங்கிய செடியைக் கீழே போடவில்லை.

"மண்ணு ஒரு வயிறுன்னு நீதான சொன்ன?" என்றாள்.

சத்தம் போடவில்லை. அடித்திருக்கலாம். அந்தச் செடியாலேயே என் மூஞ்சியில் நாலு வைத்திருக்கலாம். காத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கறுத்திருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"வேற யாருக்குடி குடுத்த?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. வழியெல்லாம் இவளைப் பற்றியும் என்னைப் பற்றியும்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை லோடு. ஐந்து வீடு. ஐந்து கொல்லை.

"எல்லாருக்கும்" என்றேன்.

"போன் போடு."

ஆரோன் என் போனை வாங்கி அவனே போட்டான். நான்கு பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் மூட்டையைத் திறக்கவே இல்லை. ஒருத்தி ஒரு மூட்டை பிரித்திருந்தாள், போடவில்லை. இன்னொருத்திக்கு இடுப்புவலி, படுத்திருந்தாள். அவள் இடுப்புவலிக்கு நான் ஸ்தோத்திரம் சொன்னேன். பட்டு மட்டும் எடுக்கவில்லை. பட்டு பொன்மாரில் இருக்கிறாள், கண் தெரியாத தங்கையோடு. நான் எதைச் சொன்னாலும் மறுநாளே செய்துவிடுகிறவள் அவள்.

ஆரோன் பத்திரத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தான். "வண்டில ஏறுங்க" என்றான்.

வேனில் முன்சீட்டில் நான்தான் உட்கார வேண்டியதாயிற்று. "ஆரோன், அன்னிக்குச் சந்தைல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வுடுங்க அத்தே. பெல்ட்டப் போடுங்க" என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. பல்லாவரத்தில் அத்தனை பேருக்கு முன்னால் திட்டியவளுக்கு அவ்வளவு சின்ன வார்த்தை போதுமா? எனக்கு இன்னும் குன்றிப்போயிற்று. பெல்ட்டைப் போடத் தெரியாமல் அதற்கும் அவன்தான் உதவினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டு காலிச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொல்லை முழுக்கப் புல், கையால் நீவிவிட்டதுபோல் ஒரே கனத்தில், ஓர் இடத்தில்கூட மண் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்கக்கா! நீங்க சொன்னா மாரியே நாலு வெரக்கட கனத்துக்குப் போட்டேன். காலைலதான் முடிச்சேன். பாருங்க, சரியா கீதா?"

இவ்வளவு அழகாக மூடாக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. கிளியம்மாள்தான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"வாரி எடுடி பட்டு. எல்லாத்தையும். மழ வர்றதுக்குள்ள. அப்பால சொல்றேன்."

பட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், அவளும் இறங்கிவிட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது, அவள்மேல் இல்லை, என்மேல். கண் தெரியாத தங்கை வாசலிலிருந்து, "இன்னாக்கா ஆச்சு, இன்னாக்கா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கையாலும் முறத்தாலும் வாரினோம். ஆரோன் செருப்பைக் கழற்றி, பேன்ட்டை மடித்துக்கொண்டு சாக்குப் பிடித்தான். காய்ந்த புல் கையில் நிற்காமல் நழுவியது. ஒவ்வொரு இணுக்கையும் பொறுக்கவேண்டியிருந்தது. கத்திரிக்கன்றுகள் அடியில் பச்சையாக நின்றன. இவற்றுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மழை இறங்கிவிட்டால் மருந்து வேருக்குப் போய்விடும்.

மூன்றில் இரண்டு பங்கு எடுத்திருப்போம், மழை பிடித்துக்கொண்டது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்ததும் கொட்டல். அப்போதும் கிளியம்மாள் விடவில்லை. நனைந்த புல்லை வழித்து வழித்துப் போட்டுக்கொண்டே ஆரோனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கி பத்திர ஆபீசுக்கு வரல."

ஆரோன் சாக்கோடு நிமிர்ந்தான். மழை அவன் மூக்கில் வழிந்தது. "இன்னாம்மா, நீங்கதான வாக்கு குடுத்தீங்க?"

"தை வரைக்கும் கொல்ல சோறு போட்டா விக்கமாட்டேன்னு சொன்னேன். யாரு கொல்லன்னு சொல்லலியே? கேவுரு என் கொல்லைல கீது. காயிக்கு இவ கொல்ல கீது." என்னைப் பார்க்காமல் முகவாயால் என்னைக் காட்டினாள். "இனிமே அதுல நான் பறிப்பேன். கேக்கமாட்டேன். பட்டுவும் பறிப்பா."

"பறிச்சுக்கோக்கா" என்றேன்.

"ஒன்னைக் கேக்கல" என்றாள்.

ஆரோன் சேறான பேன்ட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு சாக்கை விரித்துப் பிடித்தான்.

அந்த மழையில் பட்டுவின் கொல்லையில் மூன்றில் ஒரு பங்கு சுருண்டது, மீதி தப்பியது. வாரிய புல்லையெல்லாம் பிளாஸ்டிக் போட்டு மூடி, யார் கையும் படாத இடத்தில் வைத்திருக்கிறோம். கிளியம்மாள் நான்கு கொட்டாங்கச்சியில் தன் மண்ணை எடுத்து, ஒவ்வொன்றிலும் காராமணி ஊன்றி வைத்திருக்கிறாள். முளை நேராக வருகிறவரைக்கும் அந்தப் பக்கம் விதைக்கமாட்டாளாம். முதல் தடவை வந்த நாலு முளையும் கோணிக்கொண்டுதான் வந்தன. பிடுங்கிவிட்டு மறுபடி ஊன்றியிருக்கிறாள்.

இப்போது கிளியம்மாள் கொல்லையில் பாதி மொட்டையாகவும், பட்டு கொல்லை சொட்டை சொட்டையாகவும் இருக்க, ஒரு சேதாரமும் இல்லாமல் பச்சையாக நிற்பது என்னுடையதுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்க்கும்போது நான் உள்ளே போய்விடுகிறேன்.

அந்த மழை பெய்த இரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, சொன்னபடியே கிளியம்மாள் கூடையோடு வந்தாள். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். வா என்றும் நான் சொல்லவில்லை, வந்தேன் என்றும் அவள் சொல்லவில்லை. நேராக இறங்கிப் பறித்தாள். கத்திரி, காராமணி, இரண்டு கொத்து மிளகாய். பிஞ்சை விட்டாள், முற்றினதில் ஒன்றைக்கூட விடவில்லை. திட்டுவாள், திட்டினால் கொஞ்சம் லேசாகும் என்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். திட்டவில்லை. வரப்பு வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"நீ இன்னா துன்னுவ?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. "ரேசன் அரிசி கீதுக்கா" என்று எப்படியோ சொன்னேன்.

அவள் கூடையை இறக்கி நான்கு கத்திரிக்காயைப் பொறுக்கி வரப்பில் வைத்துவிட்டு நடந்தாள். என் கொல்லையில், என் கையால் வைத்த செடியில் காய்த்த கத்திரிக்காய்தான். இருந்தாலும் முந்தானையை விரித்து, இரண்டு கையாலும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.